ஹாவும் என் பெறாமகளும்

அப்பாவை இழந்த பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்கிறேன்: ‘இன்சைட் அவுட் அண்ட் பேக் எகெய்ன்’. எழுதியவர் தான்ஹா லாய். வியட்நாமில் பிறந்து, பத்து வயதில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தவர். நாவல் வந்தது 2011இல். அந்த ஆண்டே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது இளையோர் பிரிவில் அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு நியூபெரி கௌரவ விருதும் வந்தது. விருது வாங்கினது என்பதற்காக நான் சொல்லவில்லை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில், சிரிக்க மறுத்த ஒரு பிள்ளையோடு இருந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.

அக்காவின் கணவர் கட்டாரில் வேலை செய்தவர். ஒரு இரவு வேலை முடிந்து வந்து படுத்தவர் காலையில் எழும்பவில்லை. மாரடைப்பு என்று கடதாசியில் இருந்தது. பெட்டி வந்து சேரும்வரை வவுனியா வீட்டில் எல்லோரும் காத்துக் கிடந்தோம். எட்டு, அந்தியேட்டி எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, வாடகை கட்டிக்கொண்டு அங்கே இருந்து என்ன செய்வது என்று அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். என் பெறாமகள் அப்போது தரம் ஆறு. புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவள், வவுனியாவில் வகுப்பிலேயே முதலாம் பிள்ளை. இங்கே வந்தால் வெள்ளைச் சீருடை மட்டும்தான் அதே, கழுத்துப்பட்டி உட்பட மற்றதெல்லாம் புதிது.

புதிய பாடசாலையில் முதல் கிழமையே ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கட்டார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அக்கா பிறகு போய் மாற்றினார். அந்தக் கோடு ஏன் இன்னும் படிவங்களில் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதை நிரப்ப முடியாமல் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும்.

அவள் அழவில்லை. கோபம் மட்டும்தான். மீனில் முள் இருந்தால் கோபம், சப்பாத்து நனைந்தால் கோபம். வீட்டுக்கு வருகிறவர்கள் ‘தகப்பன் இல்லாத பிள்ளை, பாவம்’ என்று தலையைத் தடவினால் கையைத் தட்டிவிடுவாள். நான் வீட்டில் ஆங்கில வகுப்பு எடுக்கிறவள். டொரொண்டோவில் இருக்கும் மச்சாள் உடுப்புப் பார்சலோடு தன் பிள்ளைகள் வாசித்து முடித்த புத்தகங்களையும் அனுப்புவார். விசயம் தெரிந்து, இந்த முறை துக்கம் பற்றிய சிறுவர் நாவல்களாகப் பொறுக்கி அனுப்பியிருந்தார்.

அவற்றில் முதலில் நான் ஒதுக்கிவைத்தது ‘பிரிட்ஜ் டு டெரபித்தியா’. கதரின் பாட்டர்சன் 1977இல் எழுதியது. தன் மகனின் சிநேகிதி மின்னல் தாக்கி இறந்துபோனதிலிருந்து பிறந்த கதை. மிக நல்ல நாவல், சந்தேகமில்லை. ஆனால் அதில் சாவு திடீரென்று வருகிறது. விளையாட்டும் கற்பனையுமாக ஓடிக்கொண்டிருக்கும் கதையில், கயிறு அறுந்து ஓடையில் விழுந்து ஒரு பிள்ளை போய்விடுகிறது. ஒரு விடியக்காலை தொலைபேசி அழைப்பிலேயே எல்லாம் மாறிப்போன பிள்ளைக்கு அந்த அதிர்ச்சியை இன்னொரு முறை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றது பாட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’. அம்மாவுக்குப் புற்றுநோய். இது எப்போது முடியும் என்று மனதுக்குள் நினைத்துவிட்ட குற்ற உணர்ச்சியோடு திரிகிற பையனின் கதை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, கொஞ்சம் வளர்ந்த பிறகு, அதைவிடச் சரியான புத்தகம் கிடையாது. என் பெறாமகளின் துக்கம் அந்த வகை இல்லை. துக்கம் என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம் என்பதற்காக எல்லாப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் பொருந்தாது.

மூன்றாவதைத் திறந்தால் வரிகள் எல்லாம் குட்டிக் குட்டி. கவிதை நடையில் எழுதிய நாவல். ஒவ்வொரு கவிதைக்கும் கீழே திகதி, ஒரு பிள்ளை நாட்குறிப்பு எழுதுகிற மாதிரி. 1975ஆம் ஆண்டு, போர் நடக்கும் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன். ஹா என்ற பத்து வயதுப் பிள்ளை, அம்மா, மூன்று அண்ணாமார். அப்பா கடற்படையில் இருந்தவர். ஹாவுக்கு ஒரு வயதுகூட நிரம்பாத காலத்தில் பிடிபட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. சைகோன் ஏப்ரல் 30இல் விழுவதற்குச் சற்று முன் குடும்பம் கப்பலேறுகிறது. குவாம், பிறகு புளோரிடா, கடைசியில் அலபாமா. அங்கே தெருவில் யாரும் கதவு திறப்பதில்லை. வீட்டுக்கு முட்டை எறிகிறார்கள். சைகோனில் கெட்டிக்காரியாக இருந்த ஹா, ஆங்கிலம் தெரியாததால் அலபாமா வகுப்பில் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்கிறாள்.

இங்கேதான் எனக்கு இந்தப் புத்தகம் என்று முடிவானது. ஹா எடுத்த எடுப்பிலேயே அப்பாவை நினைத்து அழுகிற பிள்ளை இல்லை. அவளுக்குப் பசி இருக்கிறது, அண்ணாமாரில் எரிச்சல் இருக்கிறது, அம்மா தந்த காசில் கொஞ்சத்தைச் சுட்டுத் தின்பண்டம் வாங்குகிற குணம் இருக்கிறது. எங்கள் சிறுவர் கதைகளில் அப்பா செத்தால் பிள்ளை உடனே பொறுப்புள்ள பிள்ளையாகிவிடும், கடைசிப் பக்கத்தில் டொக்டரும் ஆகிவிடும். வீட்டில் கோபத்தோடு இருக்கிற நிஜப் பிள்ளை அதை வாசித்தால், நான்தான் கெட்ட பிள்ளை போல என்றுதான் நினைக்கும்.

வாசித்த விதத்தைச் சொல்கிறேன், இது சிலருக்கு உதவும். ‘இது உனக்காக’ என்று நான் கொடுக்கவில்லை. அப்படிக் கொடுத்தால் அது மருந்துப் போத்தல் ஆகிவிடும். வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன், நான் தமிழில் சொல்வது விளங்குகிறதா என்று கேட்டுப் பார் என்றேன். அது பொய்யும் இல்லை. பின்னேரம், வீட்டுப்பாடம் முடிந்த பிறகு, விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிப்போம். முகம் பார்த்து இருந்தால் பிள்ளை நம் முகத்தைத்தான் வாசிக்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கவிதை, அவள் ‘காணும்’ என்றால் நிறுத்திவிடுவேன். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வேன். போகப் போக இலகுவான வரிகளை அவளே வாசிக்கத் தொடங்கினாள். தமிழ் மொழிமூலத்தில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் நிறைய அச்சடித்த ஆங்கில நாவல் பயம் காட்டும். இதில் பக்கத்துக்குப் பாதி வெள்ளையாகவே கிடக்கிறது. போதாக்குறைக்கு ஹாவே ஆங்கிலத்தைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள். எல்லாச் சொல்லின் கடைசியிலும் பாம்பு சீறுகிற மாதிரி எஸ் வருகிறது என்று அவள் புலம்புகிற இடத்தில்தான் என் பெறாமகள் முதல் முதல் வாய்விட்டுச் சிரித்தாள்.

கதையின் தொடக்கத்தில் ஒரு சம்பவம். தெத் என்ற வியட்நாமியப் புத்தாண்டு. அன்று விடிய முதலில் ஒரு ஆணின் கால்தான் வீட்டுத் தரையில் படவேண்டும், அதுதான் அதிர்ஷ்டம் என்பது வழக்கம். ஹா எல்லோருக்கும் முன் எழும்பி, தன் பெருவிரலால் தரையைத் தொட்டுவிடுகிறாள். இதைச் சொன்னதும் என் பெறாமகள் நிமிர்ந்து இருந்தாள். காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு அண்ணா தம்பி இல்லை. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு யார் செய்வது என்று பெரியாக்கள் அவள் தலைக்கு மேலே கதைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் அங்கே இல்லாத மாதிரி. நான் அதை இதோடு இணைத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆடி அமாவாசைக்குப் பெரியப்பாவின் மகன்தான் தர்ப்பை போட்டான். ஆனால் அவளும் போய்ப் பக்கத்தில் நின்று கடலில் முழுகினாள். யாரையும் கேட்கவில்லை. ஐயரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் பெறாமகள் அழுதது எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். கோழிக்குஞ்சுக்கு. ஹாவின் சின்ன அண்ணா கோய், வளர்த்த குஞ்சைக் கப்பலுக்கு ஒளித்துக் கொண்டுவருகிறான். அது செத்துப்போகிறது. செத்த பிறகும் விட மறுக்கிறான். ஹா தன் பொம்மையை அதோடு சேர்த்துத் துணியில் சுற்றி, இரண்டையும் கடலில் விடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் அழத் தொடங்கியவள் இரவுச் சாப்பாடு வரை அழுதாள். அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து என்னை முறைத்தார். நான் ‘குஞ்சு செத்துப்போச்சு’ என்றேன். வேறு விளக்கம் சொல்லியிருந்தால் அவள் அழுகையை நிறுத்தியிருப்பாள். பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளை எதற்காக அழுகிறேன் என்று சொல்கிறதோ அதற்காகவே அழவிடுங்கள். ‘உண்மையில் நீ அப்பாவை நினைச்சுத்தான் அழுறாய்’ என்று கண்டுபிடித்துச் சொல்ல நாம் பொலிஸ் இல்லை.

கதை பாதி தாண்டியபோது நேராகக் கேட்டாள்: “சித்தி, இவளின்ட அப்பா செத்திட்டாரோ, இல்லையோ?”

கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது சாதாரண வாசகருக்கு உள்ள சட்டம். அடுத்து என்ன கெட்ட செய்தி வருமோ என்று ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற பிள்ளைக்கு அந்தச் சட்டம் தேவையில்லை. ஓம், கடைசியில் அவர் இல்லை என்று முடிவெடுப்பார்கள் என்றேன். எந்தப் பக்கம் என்றும் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள், அங்கே வரும்போது தனக்குத் தெரியவேண்டுமாம். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளையிடம் கொடுக்குமுன் புத்தகத்தைக் கடைசிவரை நாம் வாசித்திருக்க வேண்டும். பின்னட்டையை வாசித்துவிட்டு ‘நல்ல புத்தகமாம்’ என்று கொடுப்பது மற்றப் பிள்ளைகளுக்குச் சரி. துக்க வீட்டுப் பிள்ளைக்குச் சரியில்லை.

அந்தப் பக்கம் கடைசிப் பகுதியில் வருகிறது. அப்பா கொடுத்திருந்த மோதிரம் அம்மாவிடமிருந்து காணாமல் போகிறது. வீடெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்தனை செய்கிறார். வெளியே வந்து, உங்கள் அப்பா போய்விட்டார் என்கிறார். பிறகு ஊதுபத்தி ஏற்றி அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்கிறார்கள். என் பெறாமகள் இந்த இடத்தில் அழவில்லை. ‘இவையளுக்குப் பெட்டியும் வரேல்லையே’ என்றாள். தனக்குப் பெட்டியாவது வந்தது என்பதை அவள் ஒரு நல்ல விசயமாக எண்ணிப் பார்த்தது அன்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். இந்தப் புத்தகத்தை எங்கள் மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு 2017இலிருந்து வீதியோரம் இருந்த அம்மாமாரை இங்கே எல்லோருக்கும் தெரியும். காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது 2016இல். அதற்குப் பிறகும் எத்தனையோ வீட்டில் பதில் வரவில்லை. அந்த வீடுகளில் பொட்டு இன்னும் நெற்றியில் இருக்கிறது. ‘போய்விட்டார்’ என்று ஒரு அம்மா முடிவெடுக்கிற பக்கம் அந்த வீட்டுக்குள் போனால், வாசிக்கிற பிள்ளைக்கும் தாய்க்கும் இடையில் சண்டையாகக்கூட முடியலாம். அப்படிப்பட்ட வீடென்றால் தாயிடம் முதலில் கேளுங்கள், முடிந்தால் அவரே முதலில் வாசிக்கட்டும் அல்லது கதையைக் கேட்கட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஹாவின் அம்மா எடுத்த முடிவு ஹாவின் அம்மாவுக்கு உரியது.

இனிப் பப்பாசிக் கதை. சைகோன் வீட்டுக் கொல்லையில் ஹா விதை எறிந்து வளர்ந்த பப்பாசி மரம். பழம் பழுக்குமுன்னே ஓடவேண்டியதாகிவிடுகிறது. அந்தப் பழத்தை நினைத்து அவள் நாவல் முழுக்க ஏங்குகிறாள். உப்புவெளியில் இது எடுபடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் வளவில் பப்பாசி காகத்துக்குத்தான் பழுக்கிறது. ‘பப்பாசிக்குப் போய் இவ்வளவு அழுகையோ?’ என்று கேட்டுவிட்டாள். ஆனால் அதன் முடிவு அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டில் மிஸிஸ் வாஷிங்டன் என்ற பழைய ஆசிரியை இருக்கிறார். வியட்நாம் போரில் தன் மகனைப் பறிகொடுத்தவர், அப்படியிருந்தும் அந்த நாட்டிலிருந்து வந்த ஹாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் நத்தாருக்கு உலர்த்திய பப்பாசி கொடுக்கிறார். இது பப்பாசியே இல்லை என்று ஹா குப்பையில் போடுகிறாள். அம்மா அதைச் சுடுநீரில் ஊறவைத்துக் கொடுக்கிறார். பழைய ருசி இல்லைத்தான், ஆனாலும் அப்படியொன்றும் மோசமில்லை என்று ஹா ஒத்துக்கொள்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல்தான். புதிய பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை ரோல்ஸ்: அவ்வளவு மோசமில்லை. புதிய கணித ரீச்சர்: மோசம். உப்புவெளிக் கடல்: வவுனியாக் குளத்தைவிடப் பரவாயில்லை.

நூலாசிரியர் கடைசியில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். இதில் பெரும்பகுதி தன் வாழ்க்கையில் நடந்தது என்கிறார். வாசித்து முடித்ததும் உங்களுக்குப் பிரியமான ஒருவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவர்களின் கதையைக் கேளுங்கள் என்கிறார். பெறாமகள் அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டு அம்மம்மாவிடம் போனாள். எங்கள் அம்மா சம்பூர் ஆள். 2006இல் செல் அடியில் ஊர் கிளம்பியபோது மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வெருகல், வாகரை என்று நடந்து மட்டக்களப்புக்குப் போனவர். பிறகு கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்தார். 2015இலிருந்து சம்பூரில் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோது, இனி ஏலாது என்று திருகோணமலையிலேயே தங்கிவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும், கூட நடந்தவள் நான். ஆனால் அவிழ்த்துவிட்ட மாடுகளில் ஒன்று சினையாக இருந்தது என்பதை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. பேத்தி கேட்டாள், ‘எந்த மாட்டை முதல் அவிழ்த்தனீங்கள்?’ என்று. நாங்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

புத்தகம் எதையெல்லாம் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை நித்திரை கொள்ளவில்லை, சாப்பாட்டை ஒதுக்குகிறது, பாடசாலைக்குப் போக மறுக்கிறது, நானும் செத்தால் நல்லது என்று வாய்தவறியாவது சொல்கிறது என்றால் நாவலை மூடிவைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள். பாடசாலையில் ஆலோசனை வழங்கும் ஆசிரியர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

நேரம் பற்றி ஒரு சொல். அந்தியேட்டிக்கு முன் புத்தகத்தை எடுக்கவே வேண்டாம். அப்போது வீடு நிறையச் சனம், பிள்ளைக்கு வேண்டியது சோறும் நித்திரையும்தான். சனம் போய், தொலைபேசி அடிப்பது குறைந்து, மற்றவர்கள் எல்லாம் மறந்துவிட்டார்கள் என்று பிள்ளைக்குத் தோன்றுகிற காலம் ஒன்று வரும். எங்களுக்கு அது புதிய தவணை தொடங்கியபோது வந்தது. பத்திலிருந்து பதின்மூன்று வயது வரை இந்த நாவல் நன்றாகப் பொருந்தும். அதற்குக் கீழே என்றால் கதையாகச் சொல்லுங்கள், வாசிக்கக் கொடுக்காதீர்கள். பையன்களுக்கும் கொடுக்கலாம். புரூஸ் லீ பைத்தியமான நடு அண்ணா வூ, வம்புக்கு வருகிறவர்களைச் சமாளிக்கத் தங்கைக்கு அடிமுறை பழக்குகிற பகுதி என் வகுப்புப் பெடியன்களுக்குத்தான் கூடப் பிடித்தது.

பெறாமகளுக்கு முடிவில் ஒரு குறை. அடுத்த புத்தாண்டோடு நிறுத்திவிட்டார்கள், கோய் அண்ணா பெரியவனாகி என்ன ஆனான் என்று சொல்லவில்லை என்கிறாள். அடுத்த புத்தகத்துக்கு நிபந்தனையும் போட்டிருக்கிறாள்: ஒருவரும் சாகக் கூடாது, கோழிக்குஞ்சுகூட. ஒரு துப்பறியும் கதை எடுத்து வைத்திருக்கிறேன். களவு மட்டும்தான், கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன்.